எச்.ஐ.வி. உள்ளவருக்கு மஞ்சள் காமாலை வந்தால்...



நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் கட்டடம், குடிநீர், கழிவுநீர் ஆகியவற்றைக் கவனிக்கும் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற டிப்ளமா பொறியாளன். பங்காருபேட்டையில் வசிப்பவன். மருத்துவக் கட்டுரை எழுத இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் எழுத வந்த நோய் பாதி மருத்துவரிடமும் பாதி குழாய்க்காரரிடமும் இருக்கும் நோய். குழாய்ப் பகுதி எனக்குத் தெரியும். மருத்துவப் பகுதியை மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

அந்த நோயின் பெயர் ஹெப்பாடைட்டிஸ்-ஈ. தண்ணீர் மூலம் வரும் மஞ்சள் காமாலை. அது எச்.ஐ.வி. கிருமி உள்ள ஒருவருக்கு வந்தால் என்ன ஆகும், அவர் என்ன செய்ய வேண்டும், வீட்டார் என்ன செய்யக் கூடாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எச்.ஐ.வி. என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2023-ஆம் ஆண்டு அரசுக் கணக்கின்படி நம் நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் இக்கிருமியோடு வாழ்கிறார்கள். அவர்களில் நம் வட்டாரத்தாரும் உண்டு, நம் மொழி பேசுவோரும் உண்டு. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கண் ஏன் மஞ்சளாகிறது?

நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அதன் பிறகு அதை உடல் உடைத்துவிடுகிறது. ஓடித் தேய்ந்த பெட்டியைக் கழித்து உடைப்பது போலத்தான். அப்படி உடைக்கும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறக் கழிவு உண்டாகிறது. கல்லீரல் அதைப் பிரித்தெடுத்துப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். ஜோலார்பேட்டை யார்டில் வண்டிகளைப் பிரித்து அந்தந்தப் பாதையில் அனுப்புகிறார்களே, கல்லீரலின் வேலையும் அத்தகையதே. யார்டில் நெரிசல் ஏற்பட்டால் வண்டிகள் பின்னால் வரிசையாக நின்றுவிடும். கல்லீரல் வீங்கினால் பிலிரூபின் ரத்தத்தில் தேங்கிவிடும். கண்ணின் வெண்மையிலும் தோலிலும் மஞ்சள் தெரியும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும்.

ஆகவே மஞ்சள் காமாலை என்பது ஓர் அடையாளம். சிக்னலில் சிவப்பு விளக்கு எரிவதைப் போன்றது. காரணத்தை வேறாகத்தான் தேட வேண்டும்.

காரணங்களில் முக்கியமானவை ஐந்து வைரஸ்கள். ஏ, பி, சி, டி, ஈ என்று பெயரிட்டிருக்கிறார்கள். இவற்றில் 'ஏ'யும் 'ஈ'யும் மலம் கலந்த தண்ணீராலும் உணவாலும் பரவுகின்றன. 'பி', 'சி', 'டி' மூன்றும் ரத்தத்தாலும், ஊசியாலும், உடலுறவாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகின்றன. எச்.ஐ.வி. செல்லும் பாதையும் இதுவே. ஆகையால்தான் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 'பி', 'சி' பரிசோதனையும் செய்யச் சொல்கிறார்கள். வைரஸ் தவிர மதுவும், சில மாத்திரைகளும், பித்தப்பைக் கல்லும் காமாலையைக் கொண்டு வரலாம்.

டெல்லியில் நடந்தது

ஹெப்பாடைட்டிஸ்-ஈ நோயின் வரலாற்றில் நம் நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. பெருமைப்படத்தக்க இடம் அல்ல.

1955-ஆம் ஆண்டு டெல்லியில் வெள்ளம் வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு யமுனை தன் போக்கைச் சற்று மாற்றிக் கொண்டது. அதனால் நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை நீர், வஜீராபாத் நீரேற்று நிலையம் தண்ணீர் எடுக்கும் இடத்திற்கே வந்து சேர்ந்தது. இது நவம்பர் மாதம். அங்கிருந்த பொறியாளர்கள் கையைக் கட்டிக் கொண்டு இருக்கவில்லை. குளோரின் அளவைக் கூட்டினார்கள். அதன் பயனாக டைபாய்டு, சீதபேதி போன்றவை பெருகவில்லை. ஆனால் டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் சுமார் 29,300 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது.

இதில் பொறியாளர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பாக்டீரியாவைக் கொன்ற குளோரின், கலங்கிய நீரில் இருந்த இந்த வைரஸை முழுதும் கொல்லவில்லை. கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்பட இரண்டு முதல் பத்து வாரங்கள் ஆகும். பெரும்பாலும் ஐந்தாறு வாரங்கள். எனவே நோய் தெரிகிறபோது கெட்ட தண்ணீர் ஓடிப் போய் வெகுநாளாகியிருக்கும்.

அந்நாளில் அதை 'ஏ' வகை என்றே எண்ணினார்கள். பாதுகாத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோது அது 'ஏ' அன்று என்று 1980-இல் தெரிய வந்தது. அதற்குச் சற்று முன்பு 1978-இல் காஷ்மீரில் சோப்பூர் வட்டாரத்தில் இதே போன்ற காமாலை பரவியது. டாக்டர் முகமது சுல்தான் குரூ என்ற இளம் மருத்துவர் அதை ஆராய்ந்தார். கர்ப்பிணிகள் மிகுதியாக இறந்ததைக் கண்டு, இது புதிய நோய் என்று எழுதினார். அடுத்து சோவியத் ஆராய்ச்சியாளர் மிகாயில் பலயான், ஆப்கானிஸ்தானில் நோயுற்ற படைவீரர்களின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தாமே குடித்து, தமக்கு நோய் வரவழைத்து, கிருமியை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். அதை 1983-இல் வெளியிட்டார். 1990-இல் அதன் மரபணுவைப் படித்தறிந்தார்கள். 'ஈ' என்ற பெயர் நிலைத்தது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2015 கடைசியிலும் 2016 தொடக்கத்திலும் சிம்லா நகரில் இதே நோய் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கியது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து சரியாகச் சுத்தமாகாத நீர், குடிநீர் எடுக்கும் ஓடையில் கலந்ததே காரணம்.

குழாய்க்குள் சாக்கடை எப்படிப் போகிறது?

என் பணிக்காலத்தில் ஒரு ரயில்வே குடியிருப்பில் அடுத்தடுத்து ஆறேழு வீடுகளில் காமாலை வந்தது. மேல்நிலைத் தொட்டியில் குளோரின் சரியாக இருந்தது. சுகாதார ஆய்வாளர் ஆர்த்தோ டொலிடின் சொட்டு விட்டுப் பார்த்தார். தண்ணீர் மஞ்சளாக மாறியது, அதாவது குளோரின் இருக்கிறது. வரிசையின் கடைசி வீட்டில் பார்த்தபோது நிறமே மாறவில்லை. இடையில் தோண்டிப் பார்த்தோம். இரும்புக் குழாய் சாக்கடையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது.

தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது ஓட்டை வழியாக வெளியேதான் கசியும். தண்ணீரை நிறுத்தியதும் குழாய் காலியாகும். காலியான குழாய் உறிஞ்சும். வெளியே நிற்கும் சாக்கடை உள்ளே போகும். மறுநாள் தண்ணீர் விட்டதும் முதலில் வருவது அதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் ஒரு நாள் என்று தண்ணீர் விடும் ஊர்களில் இந்த ஆபத்து அதிகம். பொதுக் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு இழுத்தால் இன்னும் அதிகம். குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பத்தடி தள்ளி இருக்க வேண்டும், அருகே வந்தே தீர வேண்டுமானால் குடிநீர்க் குழாய் ஒன்றரை அடியாவது மேலே இருக்க வேண்டும் என்று நாங்கள் படித்தோம். நம் பழைய தெருக்களில் அதற்கு இடம் எங்கே?

கிருமியின் அளவையும் சொல்லி விடுகிறேன். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் முப்பதாயிரம் ஹெப்பாடைட்டிஸ்-ஈ கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம். வீட்டில் உள்ள மெழுகுவர்த்தி வடிவ ஃபில்டரின் துளைகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. வலை கட்டிக் கொசுவைப் பிடிக்கலாம், புகையைப் பிடிக்க முடியுமா? வெள்ளைத் துணியில் வடிகட்டுவது மண்ணைத் தடுக்குமே தவிர இதைத் தடுக்காது. தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக இருப்பதும் உத்தரவாதம் ஆகாது. நம் ஊர் பானிபூரிக்கு பெங்களூர் வரை பெயர் உண்டு. அதன் தண்ணீர் தெளிவாக இருப்பதே அதன் தனிச் சிறப்பு. நானும் விரும்பிச் சாப்பிடுபவன்தான். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் செய்தால் சுவை ஒன்றும் குறைந்து விடாது என்பதைக் கடைக்கார நண்பர்களுக்கு அன்போடு சொல்லிக் கொள்கிறேன்.

தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்ட பிறகு நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மாரிக்குப்பம் வண்டியிலும் பங்காருபேட்டை வண்டியிலும் ஏறி பெங்களூருக்குப் போய் வேலை பார்த்துத் திரும்புகிறார்கள். ஒரு நாளில் நான்கு ஊர்த் தண்ணீர் அவர்கள் வயிற்றில் சேர்கிறது. வீட்டில் காய்ச்சிக் குடித்தால் போதாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எச்.ஐ.வி.யோடு இது சேரும்போது

எச்.ஐ.வி. இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது தெரிய வந்தது. அப்போது மருந்தே இல்லை. 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுத்து வருகிறது. தொடக்கத்திலேயே கொடுத்த மையங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. இன்று பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிடுபவர் மற்றவர்களைப் போலவே உழைத்து, மணம் செய்து, பேரன் பேத்தி பார்க்கலாம். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு மூலம் அவர் பிறருக்குப் பரப்புவதும் இல்லை.

இப்படிப்பட்டவருக்கு ஹெப்பாடைட்டிஸ்-ஈ வந்தால்? முதலில் நல்ல செய்தி. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவருக்கு, மற்றவர்களுக்கு வருவது போலவே வந்து, பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரங்களில் போய்விடும். பயந்து நடுங்க வேண்டியதில்லை.

கவலைக்குரியவர்கள் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள். அதை சி.டி.4 என்ற அணுக்களின் எண்ணிக்கையால் அளக்கிறார்கள். அது 200-க்குக் கீழே இறங்கினால் உடலின் காவல் தளர்ந்துவிட்டது என்று பொருள். இங்கிலாந்தில் அப்படி எதிர்ப்புச் சக்தி குன்றிய ஓர் எச்.ஐ.வி. நோயாளியின் உடலில் ஹெப்பாடைட்டிஸ்-ஈ கிருமி போகாமல் ஓராண்டுக்கும் மேல் தங்கியிருந்ததை 2009-இல் அங்குள்ள மருத்துவர்கள் வெளியிட்டார்கள். நாட்பட்டு நிற்கும் நோய் கல்லீரலைச் சுருங்கச் செய்யும். இப்படி நிற்பது அரிது. மேலும் இக்கிருமியில் வகைகள் உண்டு. நாட்பட்டு நிற்பது பெரும்பாலும் ஐரோப்பாவில் பன்றி இறைச்சி மூலம் பரவும் மூன்றாம் வகை. நம் நாட்டில் தண்ணீரில் பரவுவது முதலாம் வகை. அது பொதுவாக வந்து போய்விடும் இனம். ஆனால் வந்திருக்கும்போது கடுமையாகத் தாக்க வல்லது. ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருப்பவருக்கு அது உயிராபத்து.

இன்னொரு சிக்கல் பரிசோதனையில். சாதாரணமாக, நோய்க்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடுவார்கள். எதிர்ப்புச் சக்தி குன்றிய உடல் அந்த எதிர்ப்பொருளைப் போதுமான அளவு உண்டாக்காமல் போகலாம். நோய் இருந்தும் 'இல்லை' என்று சீட்டு வரலாம். அப்போது கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை வேண்டியிருக்கும். தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை நோயாளி சொல்லாவிட்டால் மருத்துவருக்கு இது எப்படித் தோன்றும்?

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் ஹெப்பாடைட்டிஸ்-ஈ வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும், கர்ப்பிணியின் கண் மஞ்சளானால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாத்திரையை நிறுத்தியதால் வந்த வினை

இனிச் சொல்லப் போவது எனக்குத் தெரிந்த குடும்பத்தில் நடந்தது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தண்டவாளப் பிரிவில் கீமேனாக இருந்தவர் ஒருநாள் மாலை ஒரு பையோடு வந்தார். "சார், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். இந்தச் சீட்டுல என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். மகனின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. பிலிரூபின் பதினான்கு. ஒன்றுக்குள் இருக்க வேண்டியது அது. கூடவே பையில் ஒரு மாத்திரை டப்பாவும் இருந்தது. பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"இது என்ன மாத்திரை?" என்று கேட்டேன். சற்று நேரம் தரையைப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு சொன்னார். மகனுக்கு ஐந்தாண்டுகளாக எச்.ஐ.வி. கோலாரில் மாதந்தோறும் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு நன்றாக இருந்தான். காமாலை வந்ததும் இலை மருந்து கொடுப்பவரிடம் கூட்டிப் போனார்கள். "இங்கிலீஷ் மருந்து எதையும் தொடக் கூடாது" என்று அவர் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டார்கள். பத்தொன்பது நாட்கள் ஆகிவிட்டன. இடையில் ஒரு தனியார் டாக்டரிடமும் காட்டினார்கள். அவரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லவில்லை.

"சொன்னா ஊரெல்லாம் தெரிஞ்சிடும் சார். தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்றார்.

மறுநாள் அவர்கள் கோலார் போனார்கள். பையனுக்கு ஹெப்பாடைட்டிஸ்-ஈ இருந்தது. 'பி'யும் பழையதாக உள்ளே இருந்தது. இங்கேதான் விஷயமே இருக்கிறது. இப்போது கொடுக்கும் மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்துகள் உள்ளன. முதல் இரண்டும் எச்.ஐ.வி.யை மட்டுமல்ல, 'பி' வைரஸையும் அடக்கி வைப்பவை. திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த 'பி' சீறி எழும். தண்ணீரால் வந்த காமாலை தானே போயிருக்கும். மாத்திரையை நிறுத்தியதால் எழுந்த காமாலை அதன் மேல் ஏறிக் கொண்டது. பையன் ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். பிழைத்துக் கொண்டான். இப்போது வேலைக்குப் போகிறான்.

கீழாநெல்லியைப் பழிக்கலாமா?

கூடாது. நானும் அதைக் கண்டு வளர்ந்தவன்தான். 1988-இல் சென்னையில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் கீழாநெல்லி இனச் செடி ஒன்றை ஹெப்பாடைட்டிஸ்-பி உள்ளவர்களுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. இதுதான் நிலவரம்.

ஆனால் 'ஏ'யும் 'ஈ'யும் பெரும்பாலோருக்குத் தாமாகவே ஆறிவிடும் நோய்கள். மூன்றாவது வாரத்தில் இலைச்சாறு குடித்தவருக்கும் ஆறும், மோர் மட்டும் குடித்தவருக்கும் ஆறும். புகழ் கடைசியாகக் குடித்த பொருளுக்குப் போய்ச் சேரும். தாமாக ஆறாத காமாலை உள்ளவர் நாள் கடத்துவதுதான் கேடு. கையில் சூடு போடுவதும் மூக்கில் சாறு விடுவதும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குப் புண்ணையும் சீழையும் கொண்டு வரும். 'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்பார்கள். நமக்கோ எந்தக் காரணத்தால் வந்தாலும் எல்லாம் ஒரே காமாலையாகத் தெரிகிறது.

எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காமாலை பல வழிகளில் வரலாம். காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மாத்திரைகளால் வரலாம். முன்பு அதிகம் கொடுக்கப்பட்ட நெவிரபின் மாத்திரையால் சிலருக்கு வந்தது. அட்டாசனாவிர் என்ற மாத்திரை கல்லீரலைக் கெடுக்காமலேயே கண்ணை மட்டும் மஞ்சளாக்கும். எது காரணம் என்று கண்டறிந்து, மருந்தை நிறுத்துவதா, மாற்றுவதா, தொடர்வதா என்று முடிவு செய்ய வேண்டியவர் மருந்து கொடுக்கும் மருத்துவர் மட்டுமே.

செய்ய வேண்டியவை

1. எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவரின் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் நிறம் மாறினாலோ, மாத்திரை டப்பாவோடும் சீட்டோடும் உடனே ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போக வேண்டும். நம் பகுதிக்குக் கோலார் மாவட்ட மருத்துவமனையில் மையம் இருக்கிறது. தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

2. வேறு மருத்துவரிடம் போனாலும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை மறைக்கக் கூடாது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவர் நிலையை வெளியிடுவதும், அதைக் காட்டி சிகிச்சை மறுப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவசத் தொலைபேசியில் கேட்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

3. விடாத வாந்தி, வயிறு வீக்கம், ரத்தக் கசிவு, பகலெல்லாம் தூக்கம், பேச்சுத் தடுமாற்றம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பார்க்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

4. மதுவைத் தொடக் கூடாது. வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது. உப்பில்லாத பத்தியம் என்று பட்டினி போட வேண்டாம். உடம்பு ஏற்கும் வீட்டுச் சாப்பாடு போதும்.

5. குடிக்கும் தண்ணீரைக் குமிழியிட்டுப் பொங்கும்படி சில நிமிடங்கள் கொதிக்க வைக்க வேண்டும். சூடானால் மட்டும் போதாது. ஆறிய பின் அதே பாத்திரத்தில் மூடி வைத்து, கைப்பிடியுள்ள அகப்பையால் எடுக்க வேண்டும். வேலைக்குப் போகும்போது பாட்டிலில் எடுத்துச் செல்ல வேண்டும்.

6. குழாயில் தண்ணீர் வந்ததும் முதல் சில குடங்களைக் குடிப்பதற்குப் பிடிக்க வேண்டாம். தரை கழுவவும் செடிக்கும் பயன்படுத்தலாம். வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடை வழியாக வந்தால் மாற்றி எடுங்கள். செலவு ஆஸ்பத்திரிச் செலவைவிடக் குறைவு.

7. கழிப்பறை சென்ற பின்பும் சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பன்றி இறைச்சி சாப்பிடுபவர்கள் உள்ளே சிவப்பு இல்லாதபடி நன்றாக வேக வைத்துச் சாப்பிடுங்கள்.

8. 'ஏ'க்கும் 'பி'க்கும் தடுப்பூசி உண்டு. தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 'ஈ'க்குச் சீனாவில் 2011-இல் தடுப்பூசி அங்கீகரிக்கப்பட்டது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு அது போடப்படுவதில்லை. ஆகவே நமக்கு அடுப்பே தடுப்பூசி.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

எச்.ஐ.வி. உள்ளவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சொந்த மகனின் தட்டைப் புழக்கடையில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எச்.ஐ.வி. தம்ளரால் பரவாது. தொடுவதாலும், சேர்ந்து சாப்பிடுவதாலும், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலும் பரவாது. இத்தனை ஆண்டு ஆராய்ச்சியில் ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்த செய்தி இது.

ஆனால் அந்தத் தனித் தம்ளரில் ஊற்றும் தண்ணீர் எது? வீட்டார் எல்லாரும் குடிக்கும் அதே காய்ச்சாத குழாய்த் தண்ணீர். அதில் வரும் காமாலை எல்லாரையும் பிடிக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்த அந்தப் பிள்ளையைக் கடுமையாகப் பிடிக்கும். தம்ளரைப் பிரித்து வைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. தண்ணீரைக் காய்ச்சி ஒரே பானையிலிருந்து எல்லாருக்கும் கொடுங்கள். அவனுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. அவன் மாத்திரை சாப்பிடும் நேரத்தில் அந்தத் தண்ணீரை நீங்களே எடுத்துக் கொடுத்தால், மாத்திரையை மறைத்துச் சாப்பிட வேண்டிய நிலையும் அவனுக்கு இராது.

நம் சங்கக் கூட்டங்களில் பட்டிமன்றமும் பாட்டும் இருக்கட்டும். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லலாம். அன்றே இளைஞர்கள் நான்கு பேர் குளோரின் சோதிக்கும் சிறு பெட்டியோடு ஒவ்வொரு தெருவின் கடைசிக் குழாயிலும் தண்ணீர் பிடித்துப் பார்க்கலாம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தரக் கட்டளை. இல்லாத குழாய்களைக் குறித்து நகராட்சிக்கு எழுதிக் கொடுக்கலாம். குழாய் வரைபடம் படிக்கவும் மனு எழுதவும் நான் வரத் தயார். எந்த ஞாயிறு என்று சங்கச் செயலாளர் முடிவு செய்து சொல்லட்டும்.